நாலு கலர் அட்டை... நாற்பது வருஷ மயக்கம்!

ஒரு மனுஷனுக்கு கரன்ட் ஷாக் அடிச்சா என்ன ஆகும்? ஈ.இ.இ. டிபார்ட்மென்ட் நண்பர்களே, ஆம்பியர், ஓம்னு உடனே கையைத் தூக்காதீங்க. எண்பதுகள்ல அரை டிராயர் போட்டு ஸ்கூலுக்குப் போன யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "உடம்பு மறைஞ்சிரும். வலது கை மட்டும் அந்தரத்துல தெரியும்!"

உபயம்: இரும்புக்கை மாயாவி. (வீட்ல யாரும் டெஸ்ட் பண்ணிப் பார்க்க வேணாம் பாஸ். மறையறது நீங்க மட்டும் இல்ல, உங்க டிகிரியும்தான்!)

லூயி கிராண்டேல்னு ஒரு லேப் அசிஸ்டென்ட். விபத்துல வலது கை போய், அந்த இடத்துல இரும்புக் கை வருது. மின்சாரம் பாய்ஞ்சா ஆள் அவுட், கை மட்டும் நாட் அவுட். 1962-ல் இங்கிலாந்தோட 'வேலியன்ட்' வாரப் பத்திரிகையில பிறந்த இந்த ஹீரோவை, பத்து வருஷம் கழிச்சு 1972-ல் தமிழுக்குக் கூட்டிட்டு வந்தது சிவகாசியின் முத்து காமிக்ஸ். முதல் இதழே அவர்தான்.

நான் இதெல்லாம் படிச்சு வளர்ந்தவன்னு நினைச்சுடாதீங்க. நான் பிறந்தது 2005. அதே வருஷம்தான் ராணி காமிக்ஸ் நின்னுபோச்சு. ரெண்டுக்கும் சம்பந்தம் கிடையாதுன்னு அம்மா சத்தியம் பண்றாங்க. ஆக, என்னோடது கடன் வாங்கின மலரும் நினைவுகள். கடன் கொடுத்தவர், அரியமங்கலத்துல இருக்கிற என் தாய்மாமா. வட்டி மட்டும் கறாரா வசூலிக்கிறார். ஒவ்வொரு அட்டைக்கும் அரை மணி நேரம் கதை கேட்டாகணும்!

ஒரே மாசம், ரெட்டைப் பிரசவம்

தமிழ் காமிக்ஸ் சரித்திரத்துல மறக்கக் கூடாத மாசம் ஜூலை 1984. தினத்தந்தி குழுமத்துலேர்ந்து ராணி காமிக்ஸ், 'அழகியைத் தேடி'ன்னு ஜேம்ஸ்பாண்டை இறக்கினாங்க. அதே மாசம் சிவகாசியிலேர்ந்து லயன் காமிக்ஸ், 'கத்தி முனையில் மாடஸ்டி'யோட வந்துச்சு. லயனோட ஆசிரியர் எஸ்.விஜயனுக்கு அப்போ வயசு 17. நம்மல்லாம் 17 வயசுல கட்-ஆஃப் மார்க் கணக்குப் போட்டுட்டு இருந்தோம். அவர் கத்தி முனையில மாடஸ்டியை நிறுத்திட்டார்!

அப்புறம் என்ன... வருஷத்துக்கு நாலு ஹீரோ கூட்டம் கூட்டமா வந்தாங்க. 'எத்தனுக்கு எத்தன்' மூலமா ஸ்பைடர் வந்தார். கூரான காது, வில் மாதிரி புருவம், உலகத்துலேயே பெரிய திருடன் ஆகணும்னு லட்சியம்! இவருக்குப் பல கதைகள் எழுதினவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தர். நியாயமான ஹீரோவைப் படைச்ச அதே கை, ஃப்ராடு ஹீரோவையும் வளர்த்துவிட்டிருக்கு. பின்னாடியே ரோபோ ஆர்ச்சி வந்தார். ரசிகர்கள் செல்லமா 'சட்டித்தலையன்'னு கூப்பிட்டாங்க. குதிரை மேல டெக்ஸ் வில்லர் வந்தார். தன் நிழலை விட வேகமா சுடற லக்கி லூக்கும் வந்து சேர்ந்தார்.

இதுல ஒரு குழப்பம். அமெரிக்காவோட 'ஃபேன்டம்' இந்திரஜால் காமிக்ஸோட தமிழ்ப் பதிப்புல 'வேதாளர்'. ராணி காமிக்ஸ்ல 'முகமூடி வீரர் மாயாவி'. ஏற்கெனவே முத்துவுல ஒரு மாயாவி. "மாயாவி வந்துருக்கா?"ன்னு கடையில கேட்டா, "கை மாயாவியா, முகமூடி மாயாவியா?"ன்னு கடைக்காரர் திருப்பிக் கேட்பாராம். ஒரே கிளாஸ்ல ரெண்டு கார்த்திக் இருந்தா இனிஷியல் போட்டுக் கூப்பிடுவோமே, அதே டெக்னிக்!

அட்டை பண்ற அட்டகாசம்

பெட்டிக்கடை வாசல். இந்தப் பக்கம் வாழைத்தார். அந்தப் பக்கம் ஷாம்பு சரம். நடுவுல ஒரு கயிறு, அதுல கிளிப் போட்டுத் தொங்குற காமிக்ஸ். தஞ்சாவூர் ரோட்டுல போற பஸ் ஜன்னல்லேர்ந்து பார்த்தாலும் கண்ணுல அறையணும். அதான் அந்த அட்டைக்கான ஒரே சிலபஸ்.

அதுனாலதான் வானம் ஆரஞ்சு, கடல் கத்திரிப்பூ, வில்லன் மூஞ்சி பச்சை. எஸ்.ஐ.டி. ஸ்டாப் தாண்டறதுக்குள்ள மூளையில ஏறிடணும்ல!

இந்தக் கலருக்குப் பின்னாடி ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருக்கு. சிவகாசின்னா நமக்குப் பட்டாசு. ஆனா தீப்பெட்டி லேபிள், பட்டாசுப் பெட்டி, சாமிப் படக் காலண்டர்னு அச்சடிச்சு அடிச்சே ஊரு பெரிய அச்சுக்கூடமாயிடுச்சு. ஒரு படத்தைக் கலர்ல அச்சடிக்க நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்புன்னு நாலு தகடு வேணும். புள்ளி புள்ளியா நாலும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உட்காரணும். ஒரு தகடு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் போச்சு... ஹீரோயினோட உதட்டுச் சாயம் கன்னத்துல இருக்கும். மாமா கலெக்‌ஷன்ல ஒரு அட்டை இருக்கு. அதுல ஹீரோவுக்கு மூணு கண்ணு. "நெற்றிக் கண்ணாடா மாமா?"ன்னா, "இல்லடா, மெஜந்தா கண்ணு"ங்கறார்.

நாலு தகடு, நாலு மை... செலவு ஜாஸ்தி. அதனால பெரும்பாலான இதழ்கள்ல கலரெல்லாம் அட்டையோட சரி. உள்ள திறந்தா சாணித் தாள், கறுப்பு வெள்ளை. கல்யாண வீட்டு வாசல்ல சீரியல் லைட், உள்ள கரன்ட் கட் மாதிரி! ஆனா யாரும் ஏமாந்ததா சொல்லலை. அட்டையை நல்லா உத்துப் பார்த்துட்டு, அந்தக் கலரை மனசுலேயே வெச்சு உள்ள இருக்கிற 100 பக்கத்துக்கும் அடிச்சுக்கிட்டாங்க. இன்னிக்கு கிராஃபிக்ஸ் கார்டு பண்ற வேலையை அன்னிக்குப் பத்து வயசு மண்டை பண்ணியிருக்கு.

தலைப்புகளும் லேசுப்பட்டதில்லை. 'பாம்புத் தீவு', 'பாதாள நகரம்', 'உறைபனி மர்மம்', 'கொள்ளைக்காரப் பிசாசு', 'தலை வாங்கிக் குரங்கு'... இதுல பாதியை அப்படியே எங்க ஹாஸ்டல் மெஸ் மெனு போர்டுல எழுதலாம். 'உறைபனி மர்மம்' எங்க மெஸ் தயிர். 'இயந்திரத் தலை மனிதர்கள்' செமஸ்டர் முதல் நாள் ராத்திரி ரீடிங் ரூம்!

இன்னொரு மேட்டர். வெளிநாட்டு மூலக் கதையில நீச்சல் உடையில வர்ற நாயகிகளுக்குத் தமிழ்ல திடீர்னு முழு கவுன் வந்திடும். யாரோ ஒரு புண்ணியவான் ஆபீஸ்ல உட்கார்ந்து மையைத் தொட்டுத் தொட்டுத் துணி தைச்சிருக்கார். கடல்ல குதிக்கிற பொண்ணுக்கு கழுத்து வரை சட்டை! அளவெடுக்காம, கூலி வாங்காம தையல் வேலை பார்த்த அந்த ஓவியர்களுக்கு ஜவுளித் துறை சார்பா ஒரு சல்யூட்.

சிரிச்சாச்சா? இப்போ கொஞ்சம் சீரியஸ். அட்டைக்குள்ள இருந்த கதை லண்டன்ல, இத்தாலியில, பெல்ஜியத்துல வரைஞ்சது. ஆனா அட்டை? பெரும்பாலும் நம்ம ஊர்ல, நம்ம ஓவியர் தூரிகை பிடிச்சு வரைஞ்சது. லயன், முத்து அட்டைகளை வருஷக்கணக்கா வரைஞ்ச மாலையப்பன் பேரை காமிக்ஸ் ரசிகர்கள் மரியாதையோட சொல்வாங்க. வெளிநாட்டு அட்டையை மாதிரியா வெச்சுக்கிட்டாலும், அந்த மஞ்சளும் சிவப்பும் நம்ம ஊரு மஞ்சள் சிவப்பு. உத்துப் பார்த்தா டெக்ஸ் வில்லர் தாடையில லேசா நம்ம ஊர் சினிமா போஸ்டர் ஹீரோ எட்டிப் பார்ப்பார். இரவல் வாங்கின கதைக்கு நாம போட்டுவிட்ட சொந்தச் சட்டை அந்த அட்டை.

கண் மயக்கும் விளம்பரம்

அட்டைக்கு அடுத்து மாமா காட்டறது விளம்பரங்களை. காமிக்ஸுக்குள்ள சூப்பர் ஸ்டார் விளம்பரம் 'அடுத்த வெளியீடு'தான். ஒரு முரட்டு முகம், ரெண்டு ஆச்சரியக்குறி, 'விரைவில்!'னு ஒரு வார்த்தை. அந்த 'விரைவில்' எத்தனை மாசம்னு கடவுளுக்கும் ஆசிரியருக்கும்தான் தெரியும். சில கதைகள் விளம்பரத்துலேயே வாழ்ந்து, விளம்பரத்துலேயே பெரியவங்களாகி, வாசகர் காலேஜ் முடிச்சப்புறம்தான் வந்து சேருமாம். நம்ம அரியர் ரிசல்ட் பரவாயில்லை!

கடல் தாண்டிப் போனா, அமெரிக்க காமிக்ஸ் விளம்பரங்கள் வேற லெவல். 'சீ மங்கீஸ்'னு ஒரு பாக்கெட். விளம்பரப் படத்துல கிரீடம் வெச்ச குட்டிக் குட்டி கடல் மனுஷங்க குடும்பமா நின்னு சிரிப்பாங்க. ஆசையா வாங்கித் தண்ணியில போட்டா... உள்ள நீந்துறது ஆர்டீமியாங்கிற உப்புநீர்ப் பூச்சி. மீன் குஞ்சுக்குத் தீவனமா போடுவாங்களே, அதே ஐட்டம்!

அதே ஹரால்ட் வான் பிரான்ஹட்ங்கற வியாபாரிதான் 'எக்ஸ்-ரே கண்ணாடி'யையும் வித்தவர். போட்டுக்கிட்டா கை எலும்பு தெரியும், இன்னும் என்னென்னவோ தெரியும்னு விளம்பரம் கண்ணடிக்கும். உள்ள என்ன இருந்துச்சு தெரியுமா? அட்டையில ஒரு குட்டி ஓட்டை, அதுல ஒரு பறவை இறகு. அவ்ளோதான். இறகோட நெருக்கமான இழைகள் வழியா வெளிச்சம் போறப்ப சிதறி, ஒரு பொருள் ரெண்டா, கொஞ்சம் தள்ளித் தள்ளித் தெரியும். ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழற இடம் கறுப்பா இருக்கும். அதைத்தான் 'எலும்பு'ன்னு நம்ம மூளை நம்பிடும். ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் லேப்ல டிஃப்ராக்‌ஷன் கிரேட்டிங் வெச்சு கொட்டாவி விட்டோமே... அதை இறகுல செஞ்சு காசு பார்த்திருக்கார் மனுஷன்!

நம்ம ஊரு வார இதழ்கள்லேயும் இதுக்குத் தம்பி ஒருத்தர் இருந்தார். ஒன்பது கட்டம். 1 முதல் 9 வரை நிரப்பணும். எப்படிக் கூட்டினாலும் 15 வரணும். சரியா போட்டா டிரான்சிஸ்டர் பரிசு! மாமா ராத்திரி முழுக்க முழிச்சுப் போட்டு அனுப்பிட்டார். பதில் வந்துச்சு: "வாழ்த்துகள், அதிர்ஷ்டசாலி நீங்கள்! சலுகை விலையில் ரேடியோ உங்களுக்கே. வி.பி.பி.யில் பணம் கட்டிப் பெற்றுக்கொள்ளவும்."

தெருவுல விசாரிச்சா அந்த மாசம் ஆறு அதிர்ஷ்டசாலிகள். பின்னே? அந்தக் கட்டத்துக்கு இருக்கிறதே ஒரே ஒரு விடைதான். திருப்பி, கவுத்து, கண்ணாடியில பார்த்த மாதிரி எழுதினா மொத்தம் எட்டு வரும். நடுவுல எப்பவும் 5. எட்டாங்கிளாஸ் பையன் போட்டுடுவான். போட்டியே இல்லாத போட்டி! தபால்காரருக்குப் பணம் கொடுத்துட்டுத்தான் பார்சலைப் பிரிக்கணும். பிரிச்சா, டப்பா மட்டும் ரேடியோ மாதிரி இருந்துச்சாம். உள்ளேர்ந்து 'கொர்ர்ர்' தவிர எந்த ஸ்டேஷனும் எடுக்கலை. இன்னிக்கு நம்ம மொபைலுக்கு வர்ற "நீங்கள் 25 லட்சம் வென்றுள்ளீர்கள்" மெசேஜோட கொள்ளுத்தாத்தா இந்த ஒன்பது கட்டம்தான்.

அட்டை இருந்தாத்தான் காசு!

சரி, இவ்வளவு காமிக்ஸும் இப்போ எங்கே? மாமா ஒரு தகரப் பெட்டி நிறைய வெச்சிருந்தாராம். வேலை கிடைச்சு வெளியூர் போன ஒரு தீபாவளிக்கு முன்னாடி, பாட்டி வீட்டைச் சுத்தம் பண்ணினாங்க. தட்சணை மாதிரி தராசுல வெச்சு எடை போட்டு, கிலோ கணக்குல ஸ்பைடர் போயாச்சு. மிஞ்சினது தையல் மெஷின் டிராயர்ல ஒளிஞ்சிருந்த 14 புத்தகமும், பத்துப் பன்னிரண்டு இதழைச் சேர்த்துத் தைச்ச ஒரு பைண்டிங் வால்யூமும். அந்த வால்யூமைத் திறந்து பார்த்தேன். கதையெல்லாம் பத்திரம். ஆனா ஒரு அட்டை கூட இல்லை. 'அடுத்த வெளியீடு' இல்லை. வாசகர் கடிதம் இல்லை. "கனமா இருக்கும்னு பைண்டர் கழட்டிட்டாரு. அப்ப யாருக்குத் தெரிஞ்சுது?"ன்னு மாமா பெருமூச்சு விட்டார்.

அரியமங்கலத்துல தெரிஞ்ச ஒரு பழைய பேப்பர் கடையில போய்க் கேட்டேன். "காமிக்ஸ் வருமாண்ணே?"

"எப்பவாவது வரும் தம்பி. அட்டையோட இருந்தா மெட்ராஸ்லேர்ந்துகூட ஆள் தேடி வராங்க. அட்டை இல்லேன்னா எடைக்குத்தான்."

தராசுத் தட்டுல ஒரு உண்மை பளிச்சுன்னு தெரிஞ்சுது. கதைக்கு ஆபத்தே இல்லை. ஃப்ளீட்வே காமிக்ஸ் உரிமையை வாங்கின இங்கிலாந்தோட ரெபெல்லியன் நிறுவனம், ஸ்பைடரையும் இரும்புக்கையையும் புதுசா புத்தகம் போட்டாச்சு. இங்கேயும், 2012 ஜனவரியில 'கம்பேக் ஸ்பெஷல்'னு திரும்பி வந்த லயன் - முத்து கூட்டணி, வழுவழு தாள்ல கலர்ல கலக்கிட்டு இருக்கு. 2022-ல் முத்துவுக்கு 50 வயசே ஆயிடுச்சு. ஆனா மறுபதிப்புல கதைதான் வரும். பழைய அட்டையும், ஓரத்துல இருந்த விளம்பரமும், 'மாயாவி ஏன் வரவில்லை, நான் சாப்பிடவில்லை' ரகக் கடிதங்களும் கூடவே வர்றது அபூர்வம். அதாவது, இரவல் கதை பத்திரம். நம்ம சொந்தச் சட்டைதான் கிழிஞ்சு போயிட்டிருக்கு.

அரியமங்கலம்னு சொன்னாலே திருச்சிக்காரங்க மூக்கைப் பிடிச்சுப்பாங்க. மாநகராட்சியோட குப்பைக் கிடங்கு அப்படி... சுமார் 47 ஏக்கர்! பல வருஷமா மலை மாதிரி குவிஞ்ச குப்பையைப் பயோமைனிங் முறையில தோண்டி, சலிச்சு, மண்ணு வேற, பிளாஸ்டிக் வேறன்னு பிரிச்சாங்க. பிளாஸ்டிக் டம்ளர் அப்படியே கிடைக்கும். பாலிதீன் பை அப்படியே கிடைக்கும். சாணித் தாள்ல அச்சடிச்ச மாயாவி மட்டும் கிடைக்கவே மாட்டார். மண்ணாகியிருப்பார், இல்ல கிடங்குல தீப்பிடிச்ச ஏதோ ஒரு கோடையில புகையாகியிருப்பார். உண்மையிலேயே மாயமாயிட்டார் மனுஷன். இந்தத் தடவை கையும் தெரியலை.

அமெரிக்காவுலேயும் இதே கதைதான். சூப்பர்மேன் அறிமுகமான 1938-ம் வருஷ 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் அன்னிக்கு 10 சென்ட். 2024-ல் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு. ஏன் இந்த விலை? இரண்டாம் உலகப்போர் நேரத்துல பழைய பேப்பர் சேகரிச்சுக் கொடுங்கன்னு அரசாங்கம் கேட்க, அம்மாக்கள் எல்லாம் பையன்களோட காமிக்ஸை அள்ளிக் கொடுத்துட்டாங்க. எங்க பாட்டிக்கு அமெரிக்காவுலேயும் கிளை இருந்திருக்கு!

நம்ம மாயாவி கோடிக்குப் போவார்னு சொல்லி உங்களை உசுப்பேத்தலை. விஷயம் காசு இல்லை. கோட்டையூர்ல ரோஜா முத்தையான்னு ஒருத்தர் இருந்தார். சைன் போர்டு எழுதற ஓவியர். புத்தகம் மட்டுமில்ல, கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், நாடக விளம்பரம்னு மத்தவங்க கசக்கிப் போட்டதையெல்லாம் சேர்த்து வெச்சார். ஊரு பைத்தியக்காரத்தனம்னு நினைக்கக்கூடிய வேலை. 1992-ல் அவர் இறந்தப்புறம் அந்தச் சேகரிப்பை வெச்சுத்தான் 1994-ல் சென்னையில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாச்சு. இன்னிக்கு உலகம் முழுக்க இருந்து தமிழ் ஆராய்ச்சி பண்றவங்க அங்கே வர்றாங்க. ஒரு காலத்துல மக்கள் எதைப் பார்த்து ஆசைப்பட்டாங்க, எதுக்கு ஏமாந்தாங்க, எந்தக் கலர்ல கனவு கண்டாங்கன்னு பாடப் புத்தகம் சொல்லாது. அட்டையும் விளம்பரமும்தான் சொல்லும்.

அதனால ஃப்ரெண்ட்ஸ், இந்த லீவுல ஒரு அசைன்மென்ட். வைவா கிடையாது, பயப்படாதீங்க. சித்தப்பா, மாமா, அத்தை... யார் வீட்டுப் பரண்லயாவது ஒரு பெட்டி இருக்கும். தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கிறதுக்கு முன்னாடி ஏறிடுங்க. காமிக்ஸ் கிடைச்சா கதையை மெதுவா படிக்கலாம். முதல்ல அட்டையை ஒரு போட்டோ எடுங்க. பின் அட்டையையும் எடுங்க. 'அடுத்த வெளியீடு' பக்கம், வாசகர் கடிதம், ஓரத்துல பேனாவுல எழுதின பேரு, 'இதைத் திருடியவன் கண் அவியும்' சாபம்... எல்லாத்தையும் எடுத்து ஒரு ஃபோல்டர்ல போடுங்க. ரூல்டு நோட்டுக்கு அட்டை போடற சைஸுல இருக்கேன்னு மட்டும் கத்தரிக்கோலை எடுத்துடாதீங்க.

மாமாவோட 14 புத்தகத்துல 13 முடிச்சுட்டேன். மிச்சம் ஒண்ணுக்கு முன் அட்டை இல்லை, பின் அட்டை மட்டும் இருக்கு. அதுல ஒரு முரட்டு முகம், ரெண்டு ஆச்சரியக்குறி, 'விரைவில்!' அந்தக் கதை கடைசி வரைக்கும் வந்துச்சா, இல்லையா? உங்க வீட்டுப் பரண்ல இருந்தா சொல்லுங்க பாஸ்... மாமா 35 வருஷமா வெயிட்டிங்!